காசு குடுத்து முகாம்: ஒரு மடிப்புக் கரவன் எங்களை வாசிக்க வைத்த வரலாறு

போன பெப்ரவரியில் எங்கள் நண்பியின் மச்சாள் ஜேர்மனியில் இருந்து மூன்று படங்கள் அனுப்பியிருந்தாள். லைப்சிக் நகரத்தில் இருக்கிறவள். கோடை விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை ஒன்றில் ஒரு கிழமை தங்கிவர யோசனை. ஹோட்டலுக்குக் குடுக்கக் காசு காணாது. தன்ர சின்னக் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற மாதிரி, பாரம் குறைந்த, மடிக்கக்கூடிய ட்ரெயிலர் ஒன்று பழசாக வாங்கினால் ஒவ்வொரு வருசமும் பாவிக்கலாம். "மூண்டிலை எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் எந்த நேரமும் வாசிச்சுக்கொண்டுதானே இருக்கிறனீங்கள்" என்று குரல் செய்தி வேறு.

முதலாவது படத்தில் இருந்தது சின்னதொரு கரவன். கெட்டிச் சுவர், மடிக்க ஏலாது. இரண்டாவது, மடித்தால் இடுப்புயரப் பெட்டி, விரித்தால் முக்கோண வீடு. இதற்கும் கெட்டிச் சுவர்தான். மூன்றாவது, நிறம் மங்கிய சீலைக் கூடாரம் ஒன்று சில்லுப்பெட்டிக்கு மேல் விரிந்து நின்றது. அதற்குப் பெயர் கிளப்ஃபிக்ஸ். கிழக்கு ஜேர்மனி என்றொரு நாடு இருந்த காலத்துச் சாமான். பக்கத்து வீட்டுக் கிழவர் சும்மா தருகிற விலைக்குத் தருகிறாராம்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சைக்கிளுக்கு ஒழுங்கான கரியர் இல்லாத ஆக்களிட்டையா காருக்கு ஆலோசனை? ஆனால் படத்தை எட்டிப் பார்த்த நண்பியின் அம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"காசு குடுத்தே முகாமிலை போய் இருக்கப்போறாள்?"

எங்கள் நாட்டில் 'முகாம்' என்றால் என்ன என்று இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆமி முகாம், அகதி முகாம், நலன்புரி முகாம். அம்மாவுக்கு அது 1995 ஒக்ரோபர் 30 இரவு வெளிக்கிட்ட நடை. எங்களில் இரண்டு பேருக்கு அது 2009, செட்டிகுளம். அப்போது எங்களுக்கு ஐந்து, ஆறு வயது. மத்தியானம் வெள்ளைத் தறப்பாளுக்குள் இருக்கிற சூடு நாங்கள் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. ட்ரெயிலரும் எங்களுக்குப் புதிது இல்லை. ட்ரக்டர் பெட்டிக்கு மேல் சட்டி பானை, கீழே பாய் விரித்து ஆக்கள்: அப்படி எத்தனை குடும்பங்கள் வன்னியில் இரவுகளைக் கழித்தன!

அப்படியானால் அதே சீலை, அதே சில்லு, அதே திறந்த வெளி வேறு ஆக்களுக்கு எப்படி உல்லாசம் ஆனது? மச்சாளுக்குப் பதில் சொல்லவேண்டுமென்றால் முதலில் இதைத்தான் வாசிக்கவேண்டும் என்று பட்டது. வாசித்தோம்.

பாரமா, மழையா

வண்டிக்குள் வீடு வைத்து வாழ்ந்தவர்கள் ஐரோப்பாவில் பல தலைமுறையாக இருந்தார்கள். றோமா மக்கள், சந்தைக்குச் சந்தை போய் வேடிக்கை காட்டுகிறவர்கள். அவர்கள் ஊர் எல்லையில் நின்றால் துரத்தப்பட்டார்கள். 1880களில் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு, வண்டியில் குடியிருப்போரைப் பதிவுசெய்து கண்காணிக்கச் சட்டமூலங்கள் கொண்டுவரப்பட்டன.

அதே காலம், 1885 இல், கடற்படை வைத்தியராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் தனக்கென்று ஒரு வண்டிவீடு செய்வித்தார். சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிய மனிதர். வண்டிக்கு 'வாண்டரர்' என்று பெயர். பிறிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் செய்தது. நிறை ஏறத்தாழ 2 தொன். இழுக்க இரண்டு குதிரை, ஓட்ட ஒரு வண்டிக்காரர், எதிரே வருகிறவர்களை எச்சரிக்க முன்னால் மூன்றுசில்லுச் சைக்கிளில் ஒரு வேலையாள். இங்கிலாந்தின் ட்வைஃபோர்டில் இருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னெஸ் வரைக்கும் போனார். உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த முதல் கரவன் என்று இதைத்தான் சொல்கிறார்கள். வீடில்லாதவன் வண்டியில் இருந்தால் அது குற்றம். வீடுள்ள கனவான் வண்டியில் இருந்தால் அது பொழுதுபோக்கு. கரவனின் கதை தொடங்கும் இடத்திலேயே இந்தப் பிரிப்பும் தொடங்கிவிடுகிறது.

2 தொன்னை இழுக்க வசதி இல்லாத ஆக்கள் என்ன செய்தார்கள்? தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற லண்டன் தையற்காரர் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனார். தையற்காரருக்குத் துணியின் நிறை தெரியும். மடித்தால் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகக்கூடிய கூடாரத்தோடு 1897 இல் அயர்லாந்தைச் சுற்றினார். 1901 இல் சைக்கிளில் போய்க் கூடாரமடிப்போருக்கு ஒரு சங்கம் உருவாக்கப்பட்டதிலும் 1908 இல் வந்த கூடாரவாசிகளுக்கான கைநூலிலும் அவர் பங்கு பெரியது. அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பு இன்றைக்கும் பிரித்தானியாவில் இயங்குகிறது.

ஒரு பக்கம் 2 தொன் சுகம், மறுபக்கம் சைக்கிள் பாரத்தில் சுதந்திரம். மடிப்பு ட்ரெயிலர் இந்த இரண்டுக்கும் இடையில் பிறந்த பிள்ளை. அமெரிக்காவில் ஃபோர்ட் கம்பனியின் 'மொடல் டி' கார் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டியபோது, அதன் 20 குதிரைவலுவுக்குப் பெரிய வீட்டை இழுக்க ஏலாது. ஆகவே மூடி திறந்தால் சீலை எழும்பும் சில்லுப்பெட்டிகள் விற்பனைக்கு வந்தன.

சீலைக்கு ஒரு எதிரி உண்டு: மழை. டெற்றொயிட் நகரத்து ஆர்தர் ஷேர்மன் 1920களின் கடைசியில் அப்படியொரு கூடாரப்பெட்டி வாங்கினார். ஐந்து நிமிடத்தில் விரிக்கலாம் என்பது விளம்பரம். குடும்பத்தோடு போன முதல் பயணத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. விளம்பரம் சொன்ன ஐந்து நிமிடம் நீண்டுகொண்டே போக, எல்லாரும் தெப்பமாக நனைந்தார்கள். ஊர் திரும்பியவர் கெட்டிச் சுவர் வைத்த பெட்டியொன்றைச் செய்வித்தார். பிள்ளைகள் அதற்குப் பகிடியாக வைத்த 'மூடிய வண்டி' என்ற பெயரே கம்பனியின் பெயராகியது. 1936 அளவில் அமெரிக்காவில் ஆகக் கூடுதலாக ட்ரெயிலர் செய்த கம்பனி அதுதான்.

மச்சாளின் மூன்று படங்களும் இந்த இடத்தில் எங்களுக்கு விளங்கத் தொடங்கின. சீலை என்றால் பாரம் குறைவு, மழைக்குப் பயம். கெட்டிச் சுவர் என்றால் மழைக்குப் பயமில்லை, பாரம் கூட. நூறு வருசமாக இந்தப் பேரம்தான் நடக்கிறது.

1936: ஒரே வருசம், இரண்டு தெரு

ஆனால் பாரத்தை மட்டும் பார்த்தால் கதை முழுக்க வராது. கூடாரம் அடிக்க வண்டி மட்டும் போதாது, நாட்களும் வேண்டும். சம்பளம் வெட்டாத நாட்கள்.

1936 யூனில் பிரான்சில் பெரிய வேலைநிறுத்த அலைக்கு நடுவில், லெயோன் புளும் தலைமையிலான மக்கள் முன்னணி அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வருசத்தில் இரண்டு கிழமை சம்பளத்தோடு விடுமுறை. ரயில் கட்டணத்தில் 40 வீதக் கழிவோடு விசேட டிக்கெட். அந்தக் கோடையில் கடலை முதன்முதலாகக் கண்ட தொழிலாளிக் குடும்பங்கள் ஏராளம். சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய இளம் சோடிகளின் படங்கள் இன்றைக்கும் அந்த வருசத்தின் அடையாளமாக இருக்கின்றன.

அதே 1936 பெப்ரவரியில் அமெரிக்காவில் வேறொரு காட்சி. வரட்சியாலும் புழுதிப் புயலாலும் கடனாலும் நிலமிழந்தவர்கள் பழைய ஃபோர்ட் கார்களில் மெத்தையும் சட்டிபானையும் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா நோக்கி வந்தார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் 136 பொலிசாரை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பித் துரத்தினார். தொரோத்தியா லாங்கே எடுத்த 'புலம்பெயர் தாய்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் அதே வருசம், அதே கலிஃபோர்னியா. அந்தத் தாய்க்குப் பின்னால் தெரிவது கூடாரச் சீலை.

காரும் ஒன்று, சீலையும் ஒன்று. ஒருவருக்கு அது விடுமுறை, இன்னொருவருக்கு அது விதி. இரண்டையும் பிரிப்பது ஒரேயொரு விஷயம்தான்: திரும்பிப் போக வீடு இருக்கிறதா? சம்பளம் இருக்கிறதா?

பிரான்சில் அந்த இரண்டு கிழமை 1956 இல் மூன்றாகியது. போருக்குப் பிறகு சின்னக் கார்கள் வந்தன. 1948 இல் காட்டப்பட்ட சித்ரோயனின் 'டூ-ஷெவோ' காருக்கு 375 சீசீ இயந்திரம், 9 குதிரைவலு. நாட்களும் கிடைத்தன, காரும் கிடைத்தது. இழுக்கத்தான் வலு இல்லை. 1961 இல் மயென் என்ற ஊரைச் சேர்ந்த கொன்ஸ்தான் ரூசோ என்ற தளபாடத் தச்சர் தன்ர குடும்ப விடுமுறைக்காக மடிப்புக் கரவன் ஒன்றைச் செய்தார். 'றப்பிடோ' என்று பெயர். கூரையை உயர்த்தினால், உள்ளே அலுமாரிக் கதவு மாதிரி மடிந்து கிடக்கும் சுவர்களை நிமிர்த்திக் கொழுவலாம். சீலை இல்லை. மழைக்குப் பயமும் இல்லை. மடித்தால் காருக்குப் பின்னால் காற்றுப் பிடிக்காத பதிந்த பெட்டி. மச்சாளின் இரண்டாவது படத்தில் இருக்கிற முக்கோண வடிவம் 1980களில் அமெரிக்காவில் பரவியது. ஆனால் கெட்டிச் சுவரை மடிப்பது என்ற யோசனை இரண்டுக்கும் பொது.

சட்டெண்டு மடி

மூன்றாவது படம்தான் எங்களைக் கூட நேரம் பிடித்து வைத்திருந்தது. 'கிளப்' என்றால் மடி, 'ஃபிக்ஸ்' என்றால் சட்டெண்டு. கிழக்கு ஜேர்மனியில் கூடார ட்ரெயிலர் எல்லாவற்றுக்கும் மக்கள் வைத்த பொதுப் பெயராக அது மாறிவிட்டது.

அங்கே சாதாரண ஆளின் கார் ட்ரபான்ட். சுவிக்காவ் நகரத்தில் செய்தது. பருத்திக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்த உடம்பு, 26 குதிரைவலு, 600 கிலோவுக்குக் கொஞ்சம் மேலான நிறை. பதிந்துவிட்டுப் பத்து வருசத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். அந்தக் காரால் பெரிய கரவனை இழுக்க ஏலாது. ஆகவே சீலைதான் வழி. மூடியைப் புரட்டித் திறந்தால் கம்பிச் சட்டகத்தோடு சீலை எழும்பும். படுக்கை நிலத்தில் இல்லை, பெட்டிக்கு மேல். முன்னுக்குச் சீலையால் ஒரு விறாந்தை. அதற்குள் அடுப்பு, மேசை, பிள்ளைகளின் சண்டை. அரசு விடுமுறை விடுதிகளில் இடம் தொழிற்சங்கம் பங்கிட்டுத்தான் கிடைக்கும். கூடாரத்துக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும்தான், பால்டிக் கரையில் இடம் பிடிக்க நேரகாலத்தோடு விண்ணப்பிக்க வேண்டும்தான். என்றாலும் யாரோ தந்த அறையில் இருப்பதைவிடத் தன்ர பெட்டிக்குள் இருப்பது வேறு.

அந்தப் பால்டிக் கரை எல்லை வலயம். குளிக்கிற ஆக்களுக்குப் பின்னால் காவல் கோபுரங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றன. கடல் வழியாகத் தப்பிப் போகாமல் இருக்கத்தான். காவலரணைக் கடந்து கடற்கரைக்குப் போய்ப் பழகின எங்களுக்கு இதை வாசிக்க ஆச்சரியம் வரவில்லை. கடலில் குளிக்கவும் செய்யலாம், கண்காணிக்கப்படவும் செய்யலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

கூடாரப்பெட்டி போகக்கூடிய தூரத்துக்கும் எல்லை இருந்தது. மேற்கே போக ஏலாது. செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, பல்கேரியா போன்ற கிழக்கு நாடுகள்: அவ்வளவுதான். இதில் ஹங்கேரியின் பலட்டோன் ஏரிக்கு ஒரு விசேடம் உண்டு. மேற்கு ஜேர்மன்காரரும் அங்கே விடுமுறைக்கு வருவார்கள். மதில் எழுப்பிய 1961 க்குப் பிறகு பிரிந்துபோன அண்ணன் தம்பிகள், தாய் பிள்ளைகள் அந்த ஏரிக்கரையில் சந்தித்துக்கொண்டார்கள். கிழக்கு ஜேர்மன் உளவுத்துறையும் அங்கே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் இங்கிருந்து ஒரு பகுதியும் வெளிநாட்டிலிருந்து ஒரு பகுதியும் போய்ச் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு வாடகை வீட்டில் சந்தித்த எங்கள் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது நாட்டில் சந்திப்பது என்பது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை.

விடுமுறைக்குப் போனவர்கள் அகதியானது

1989 மே மாதம் ஹங்கேரி தன் ஒஸ்திரிய எல்லை வேலியைக் கழற்றத் தொடங்கியது. அந்தக் கோடையில் வழமைபோல் விடுமுறைக்குப் போன கிழக்கு ஜேர்மன்காரரில் பலர் விடுமுறை முடிந்தும் ஊருக்குத் திரும்பவில்லை. ஓகஸ்ட் 14 அன்று புடாபெஸ்டின் சுக்லிகெட் தேவாலய வளவில் அவர்களுக்காக ஒரு கூடார முகாம் திறக்கப்பட்டது. பங்குத்தந்தை இம்ரே கொஸ்மா வாசலைத் திறந்துவிட்டார். ஓகஸ்ட் 19, ஷொப்ரோன் நகருக்குப் பக்கத்து எல்லையில் நடந்த 'ஐரோப்பியச் சுற்றுலா' ஒன்றுகூடலில் படலை கொஞ்ச நேரம் திறக்க, 600க்கு மேற்பட்டோர் ஒஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரி ஆர்பாட் பெல்லா சுடச் சொல்லி உத்தரவு குடுக்கவில்லை. செப்டம்பர் 11 அன்று எல்லை முழுதாகத் திறந்தது. பிராக் நகரத்தில் மேற்கு ஜேர்மன் தூதரகத் தோட்டம் கூடாரங்களால் நிரம்பியது. வெளியே தெருவெல்லாம் சொந்தக்காரர் விட்டுப்போன ட்ரபான்ட்கள். பத்து வருசத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிய கார், ஒரு இரவில் தெருவோரக் குப்பை. நவம்பர் 9 பேர்லின் மதில் திறந்தது.

இந்தப் பகுதியை வாசித்தபோதுதான் அம்மாவின் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்று விளங்கியது. யூலையில் உல்லாசக் கூடாரம், செப்டம்பரில் அகதிக் கூடாரம். இடையில் மாறியது சீலை இல்லை.

மாமா வந்த வழி

இந்தக் கதைக்குள் எங்கள் ஆக்களும் இருக்கிறார்கள். மச்சாளின் தகப்பன், நண்பியின் பெரிய மாமா, 1985 இன் தொடக்கத்தில் ஜேர்மனிக்குப் போனவர். போன வழி கிழக்கு பேர்லின்.

83க்குப் பிறகு ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் அந்த வழியால் போனார்கள். விமானம் கிழக்குப் பக்கத்து ஷோனஃபெல்ட்டில் இறங்கும். கடந்து செல்லும் விசாவோடு நகர ரயிலில் ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராசே நிலையத்துக்கு வந்து அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் போய்விடலாம். பேர்லினைப் பிரித்த கோட்டை ஒரு நாட்டெல்லையாக ஒத்துக்கொள்ள மேற்குத் தரப்பு தயாரில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. சொந்த மக்களைச் சுட்டாவது தடுத்த மதில், யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு ரயில் டிக்கெட்டோடு திறந்தது. 1985 யூலையில் மேற்கின் நெருக்குதலால் கிழக்கு அரசு இலங்கைத் தமிழருக்கு இந்த வழியை அடைத்தது. மாமா அதற்குச் சில மாதம் முந்திவிட்டார்.

பிறகு மேற்கு ஜேர்மனியில் அகதி விடுதி. அறைக்கு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், மணியடித்தால் சாப்பாடு. 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி தஞ்சம் கேட்டவர் தனக்குக் குறித்த பகுதியை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது. பக்கத்து நகரத்தில் இருந்த சொந்தத் தம்பியைப் பார்க்க மாமா கடிதம் எழுதி அனுமதி எடுத்திருக்கிறார்.

அந்த மாமாதான் இப்போது மகளிடம் ஒரே பிடியாக நிற்கிறார். "நீங்கள் போட்டு வாங்கோ. நான் சீலைக்குக் கீழை படுக்கமாட்டன்."

மச்சாளின் கேள்வியில் ஒளிந்திருந்தது இதுதான். அவள் கேட்டது பாரத்தையும் விலையையும் பற்றி. உண்மையில் அவளுக்கு வேண்டியது அப்பா வருகிற மாதிரி ஒன்று. அங்கத்தைய கூடாரத் திடலின் படத்தையும் பார்த்தோம். இலக்கம் போட்ட துண்டு நிலங்கள், வரிசை வரிசையாக. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, வாசலில் பெயர் பதிய ஒரு கந்தோர், இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் போடக்கூடாது என்று பலகை. வரைபடத்தை மட்டும் காட்டினால் மாமாவுக்கும் அம்மாவுக்கும் எங்களுக்கும் நினைவு வருவது வேறொன்று.

நாங்கள் எழுதிய பதில்

கடைசியில் மச்சாளுக்கு நாங்கள் எழுதியது சுருக்கமாக இது.

முதலில் காரின் பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கோ. பிறேக் இல்லாத ட்ரெயிலர் எவ்வளவு, பிறேக் உள்ளது எவ்வளவு இழுக்கலாம் என்று அதில் இருக்கும். சாதாரண கார் லைசென்ஸில் 750 கிலோ வரைக்குமான ட்ரெயிலரைத் தயங்காமல் இழுக்கலாம். ஆனால் அது வெறும்பெட்டியின் நிறை இல்லை. தண்ணீர், காஸ் சிலிண்டர், சட்டி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏற்றின பிறகு வருகிற நிறை. பாரத்தை அச்சுக்குக் கிட்ட, பதிவாக ஏற்றுங்கோ. பின்பக்கம் பாரம் கூடினால் பெட்டி தெருவில் ஆடும்.

முதலாவது படத்தில் இருக்கிற கரவன் சுகம்தான். ஆனால் சின்னக் காருக்குப் பாரம், காற்றையும் பிடிக்கும், மாடிவீட்டுக்காரருக்கு அதை நிறுத்த இடமும் இல்லை.

மூன்றாவது, கிளப்ஃபிக்ஸ். எங்களுக்கு அதில் ஆசை வந்துவிட்டது, ஒளிக்கவில்லை. பாரம் குறைவு, விலை குறைவு, சரித்திரம் கூட. ஆனால் சீலை நனைந்தால் மடித்து வைக்க ஏலாது. வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்துக் காயவிடவேண்டும், இல்லாட்டில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்றாம் மாடியில் எங்கே விரிப்பது? அதோடு மாமா.

ஆகவே இரண்டாவது. கெட்டிச் சுவர், நாலைந்து நிமிட வேலை, மடித்தால் பதிந்த பெட்டி. குறையும் உண்டு: நிமிர்ந்து நிற்க நடுவில் மட்டும்தான் இடம், நாலு பேருக்கு நெருக்கம். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சின்னக் கூடாரம் ஒன்று அடித்துக் குடுங்கோ. அவர்களுக்கு அது விளையாட்டு. பழசு என்றால் கூரை சேருகிற இடத்தில் இறப்பர் வெடித்திருக்கிறதா, பிணைச்சல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கோ. வாங்கமுதல் ஒருக்கால் நீங்களே விரித்து மடித்துப் பாருங்கோ, விக்கிற ஆளைக் கொண்டு செய்விக்காதையுங்கோ. மழை வந்தால் அவர் வரமாட்டார்.

கடைசி வரியை எழுதத்தான் கூட நேரம் எடுத்தது. "மாமாவிட்டை ஒண்டு சொல்லுங்கோ: எப்ப திரும்பிறது எண்டதை அவரே முடிவெடுக்கட்டும்."

இதுதான் இந்த வரலாறு எங்களுக்குச் சொன்னது. கரவனின் சுகம் மெத்தையில் இல்லை. ஸ்டேபிள்ஸ் காலத்தில் இருந்து, திரும்பிப் போக வீடும் திரும்பிப் போகிற நாளைத் தீர்மானிக்கிற உரிமையும் உள்ளவருக்குத்தான் கூடாரம் சுகமாக இருந்திருக்கிறது. அதைத் தொழிலாளிகள் போராடி வாங்கிய இடங்களில் பாரம் குறைந்த பெட்டிகள் பிறந்தன. அது இல்லாத இடங்களில் அதே பெட்டிகள் வேறு பெயரில் நின்றன. எங்கள் தலைமுறையில் ஆக்கள் இப்போது மலைநாட்டுக்கும் கடற்கரைக்கும் கூடாரம் கொண்டு போகத் தொடங்கியிருக்கிறார்கள். போகத்தான் வேணும். ஆனால் வீட்டில் ஒருவர் முகம் சுழித்தால், அவர் பழைய ஆள், ரசனை தெரியாது என்று நினைக்காமல் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

யூலை கடைசியில் மச்சாளிடமிருந்து ஒரு படம் வந்தது. முக்கோணப் பெட்டி, பின்னால் ஏரி, வாசலில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு மாமா. கையில் தேத்தண்ணி. கதவு திறந்தபடி.

நண்பியின் அம்மா கைபேசியை வாங்கி, படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தா.

"அண்ணை எப்ப திரும்பி வாறாராம்?"

"ஞாயிற்றுக்கிழமை. அவருக்குப் பிடிக்கேல்லை எண்டால் நாளைக்கே."

"அப்ப சரி" என்றுவிட்டு அம்மா குசினிக்குள் போனா.